தாழ்மையை யாருக்குப் போதிக்கிறோம்?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். 45 நிமிடம் பேசும் பழக்கம்தான் இன்னும் ஓய்வு பெறவில்லை. இங்கே மணியடிக்கவும் ஆளில்லை. பொறுமையாகப் படியுங்கள். இஸ்லாமியப் பிள்ளைகளும் இந்துப் பிள்ளைகளும் என்னோடு தொடர்பில் இருக்கிறீர்கள். நான் பேசப் போவது கிறிஸ்தவ வாழ்க்கையைப் பற்றி என்றாலும், விஷயம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான்.

சில நாட்களுக்கு முன் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், பெயரும் ஊரும் வேண்டாம். ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். அங்கே சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் காது கூசும்படி திட்டுகிறாராம். தாங்க முடியாமல் சபையில் ஒரு பெரியவரிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அவர், "கிறிஸ்தவப் பிள்ளைக்குத் தாழ்மை வேண்டும்மா. எதிர்த்துப் பேசாதே. ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவள் என்னிடம் கேட்டாள்: "டீச்சர், இதுக்குப் பேர்தான் தாழ்மையா?"

"இல்லம்மா" என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் இல்லை என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவளுக்கு மட்டுமில்லை. அந்தப் பெரியவருக்கும், நம் எல்லோருக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாழ்மையை நாம் தவறான திசையில் அளக்கிறோம். மேலே இருப்பவர் முன் ஒருவன் எவ்வளவு குனிகிறான் என்று பார்த்து, "எவ்வளவு தாழ்மையான பிள்ளை" என்று மெச்சுகிறோம். மேலதிகாரி முன் குனிவதற்குக் கிறிஸ்தவனாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. சம்பளம் வாங்குகிற எல்லோரும் குனிகிறார்கள். ஒருவனுக்குக் கீழே இருப்பவர்களிடம் அவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதில்தான் அவனுடைய தாழ்மை தெரியும்.

தாழ்மையைப் பற்றிப் பிரசங்கம் என்றால் நம் சபைகளில் பெரும்பாலும் பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம்தான். அதில் பவுல் யாரை உதாரணமாகக் காட்டுகிறார்? எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஒருவர், தமக்கு இருந்ததைப் பிடித்துக்கொண்டிராமல், தாமாகவே படிப்படியாக இறங்கி வந்ததைச் சொல்கிறார். இறங்கி வர வேண்டுமானால் முதலில் மேலே இருக்க வேண்டும். ஏற்கெனவே தரையில் உட்கார வைக்கப்பட்டவனைப் பார்த்து "இறங்கு" என்றால், அவன் எங்கே இறங்குவான்? குழி தோண்டித்தான் இறங்க வேண்டும்.

அதே பிலிப்பி பட்டணத்தில் அதே பவுலுக்கு நடந்ததையும் பாருங்கள். அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரம். விசாரணை எதுவும் இல்லாமல் பவுலையும் சீலாவையும் அடித்துச் சிறையில் போட்டார்கள். மறுநாள் காலையில் அதிகாரிகள், அவர்களைச் சத்தமில்லாமல் அனுப்பிவிடச் சொல்லி ஆள் விட்டார்கள். பவுல் போகவில்லை. ரோமக் குடிமக்களான எங்களை ஊரறிய அடித்துவிட்டு ரகசியமாக அனுப்புவதா, அவர்களே நேரில் வந்து எங்களை வெளியே அழைத்துப் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள், கெஞ்சினார்கள். பிற்பாடு தாழ்மையைப் பற்றி அந்த ஊர்ச் சபைக்குக் கடிதம் எழுதியவர் இவர்தான். பிரதான ஆசாரியன் முன் ஒரு சேவகன் அறைந்தபோது ஆண்டவரும் சும்மா இருக்கவில்லை. நான் பேசியதில் பிழை இருந்தால் காட்டு, இல்லாவிட்டால் எதற்காக அடித்தாய் என்று அவனையே கேட்டார். யோவான் 18-இல் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

ஆகவே, மகளே, கேள்வி கேட்பது தாழ்மைக்கு விரோதம் கிடையாது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைகளை விசாரிக்க ஒரு புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆபாசமாகப் பேசுவதும் அதில் சேரும். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் பெண்களுக்கான உதவி மையத்தில் பேசுவார்கள். ஜெபமும் பண்ணு, புகாரும் எழுது. இரண்டையும் ஒரே மேசையில் உட்கார்ந்து செய்யலாம்.

அடுத்து, நம் மண்ணுக்கு வருகிறேன்.

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றங்கரை நெடுகத் தோலை நம்பி வாழும் மண் நம்முடையது. உங்களில் எத்தனை பேருடைய ஃபீஸ் தோலில் இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உப்புப் போட்ட பச்சைத் தோல் லாரியில் வந்து இறங்கும். அதை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, முடி நீக்கி, சதை வழித்து, அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையிலும் இப்போது பெரும்பாலும் குரோமியத்திலும் பதப்படுத்துகிறார்கள். எங்கோ வெளிநாட்டுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கும் ஷூவைப் பார்ப்பவருக்கு இந்த நாற்றம் தெரியாது. சுண்ணாம்பில் வெந்த கால்களையும் குரோமியத்தில் புண்ணான கைகளையும் அவர்கள் பார்த்ததில்லை. நாம் பார்த்திருக்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகியும் போய்விட்டோம்.

தோலைத் தொட்டவர்களை நம் சமூகம் எப்படி நடத்தியது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "தாழ்ந்த" என்ற சொல்லை மனிதர்கள் மேல் ஒட்டிய தேசம் இது. "தாழ்மையாய் இரு" என்று சொல்லும்போது, கேட்பவர் காதில் அது எந்தச் சொல்லோடு சேர்ந்து விழுகிறது என்பதைப் போதிக்கிறவர்கள் யோசிக்க வேண்டும். பரம்பரை பரம்பரையாகத் தாழ்த்தப்பட்டவருக்கு இன்னும் ஒரு தாழ்வு தேவையில்லை. நிமிர்ந்து உட்கார ஒரு நாற்காலி தேவை.

வேதாகமத்தில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். யோப்பா பட்டணத்தில் தோல் பதனிடுகிற சீமோன். செத்த மிருகத்தைத் தொடும் தொழில் என்பதால் யூதர்கள் அந்தத் தொழிலைத் தீட்டாகப் பார்த்தார்கள். அவருடைய வீடு கடலோரத்தில் இருந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. பேதுரு யோப்பாவுக்குப் போனபோது அந்த வீட்டில்தான் தங்கினார். ஒரு வேளைச் சாப்பாட்டோடு கிளம்பிவிடவில்லை, அநேக நாள் இருந்தார். புறஜாதியாரைத் தீட்டென்று தள்ளக் கூடாது என்ற தரிசனம் அவருக்குக் கிடைத்ததும் அதே வீட்டு மாடியில்தான். தோல் ஊறும் வாடைக்கு நடுவில் தங்கிச் சாப்பிட்டவருக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. அந்த அதிகாரத்தை நாம் கொர்நேலியுவின் கதையாக மட்டும் வாசித்துவிட்டுப் போகிறோம். நம் பக்கத்துச் சபைகளில் வருஷத்துக்கு ஒரு ஞாயிறாவது சீமோனின் பெயரால் பிரசங்கம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

வில்லியம் கேரியைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். 1793-இல் இந்தியாவுக்கு வருவதற்கு முன் அவர் இங்கிலாந்தில் காலணி தைத்தவர். வங்காளத்தில் பெரிய பண்டிதரான பிறகு ஒரு விருந்தில், "இவர் ஷூ செய்கிறவராக இருந்தவர்தானே?" என்று ஒருவர் குத்தலாகக் கேட்டாராம். "ஷூ செய்யும் அளவுக்குக் கூட இல்லை, பழையதைத் தைத்துக் கொடுத்தவன்தான்" என்று கேரி சொன்னாராம். நல்ல பதில். ஆனால் கேரி அப்போது பெரிய இடத்து மேசையில் உட்கார்ந்திருந்தார். இன்னும் சாலையோரம் உட்கார்ந்து செருப்புத் தைப்பவரால் அதை அவ்வளவு லேசாகச் சொல்ல முடியாது. மேலே வந்தவர்கள் பழைய நிலையைச் சொல்லிக்கொள்வது நல்ல பண்புதான். இன்று அதே நிலையில் இருப்பவரை அந்த மேசைக்கு அழைத்தோமா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இப்போது காலைப் பற்றிப் பேசுவோம். பெரிய வியாழன் ஆராதனையில் பல சபைகளில் கால் கழுவும் நிகழ்ச்சி உண்டு. நல்ல வழக்கம். ஆனால் யாருடைய கால்கள்? பெரும்பாலும் சபையில் பொறுப்பில் இருப்பவர்களை வரிசையாக உட்கார வைக்கிறோம். அவர்களும் வீட்டிலேயே சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். கழுவின காலைத்தான் ஆலயத்தில் மறுபடி கழுவுகிறோம். 2013-இல் போப் பிரான்சிஸ் பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்தன. அந்தப் பெரிய வியாழன் அன்று அவர் ரோமில் சிறார் சிறைக்குப் போய் 12 பேருடைய கால்களைக் கழுவினார். அதில் பெண்கள் இருந்தார்கள், இஸ்லாமியர் இருந்தார்கள். உலகமே அதைப் பேசியது. அப்படிப் பேசும்படி ஆனதே, நாம் அந்தச் செயலை எவ்வளவு சுத்தமான சடங்காக்கி வைத்திருந்தோம் என்பதைக் காட்டிவிட்டது.

கால்களைக் குறித்து நம் பகுதியிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. அறிவியல் டீச்சர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-இல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு அறுவைச் சிகிச்சை நிபுணராக வந்தார். அந்தக் காலத்தில் தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தானாக அழுகி விழுகின்றன என்று எல்லோரும் நம்பினார்கள், டாக்டர்கள் உட்பட. பிராண்ட் அவர்களோடு உட்கார்ந்து பொறுமையாகக் கவனித்தார். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். பார்த்தால் அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்குச் சதை கிழிந்திருக்கிறது. பையனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் தூங்கும்போது சிலருடைய விரல் குறைந்துபோகும் மர்மத்துக்கும் விடை கிடைத்தது. இரவில் காவல் இருந்து பார்த்தபோது எலி கடித்திருக்கிறது. வலி இல்லாததால் அவர்கள் விழிக்கவே இல்லை. நோய் நரம்பைக் கெடுத்து உணர்ச்சியை எடுத்துவிடுகிறது, உணர்ச்சி போனதால் வரும் காயங்களே கை கால்களைத் தின்கின்றன என்பது இப்படித்தான் புரிந்தது.

பிராண்ட் மடங்கிப்போன கைகளைத் தசைநார் மாற்றி நேராக்கும் அறுவைச் சிகிச்சையில் உலகப் புகழ் பெற்றார். ஆனால் நான் சொல்ல வந்தது அதை அல்ல. அந்தப் புகழ்பெற்ற சர்ஜன் தன் நேரத்தில் பெரும்பங்கைச் செருப்புக்குக் கொடுத்தார். கையை நேராக்கி அனுப்பிய நோயாளி, காலில் புண்ணோடு திரும்பி வருகிறார். கல் குத்தினாலும் தெரியாத காலுக்கு எந்தச் செருப்புப் பொருந்தும்? மெழுகு, பிளாஸ்டர், மரம், தோல் என்று பலவற்றில் முயன்று பார்த்தார்கள். கடைசியில் நுண்ணிய காற்றறைகள் கொண்ட ரப்பர் பொருந்தியது. இன்றும் நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று சொல்கிறோமே, அதுதான். 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையில் அறுவை அரங்கோடு செருப்புத் தைக்கும் கூடமும் முக்கியமான இடமாக இருந்தது. ஒரு டாக்டர், செருப்புத் தைப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த இடத்தில் எவ்வளவு மெத்தை வேண்டும்?" என்று கேட்டுக் கற்றுக்கொள்கிறார். நம் நாட்டில் மிக உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்ட தொழிலும் மிகக் கீழே தள்ளப்பட்ட தொழிலும் ஒரு மனிதனின் பாதத்துக்காக ஒரே பெஞ்சில் உட்கார்ந்தன. கால் கழுவுதலுக்கு நம் வேலூர் மண் கொடுத்த அர்த்தம் இது என்று நான் நினைக்கிறேன்.

இதிலிருந்து எனக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. பெருமை என்பதை நாம் தலைக்கனம் என்று நினைக்கிறோம். எனக்கு அது மரத்துப்போன காலாகத் தெரிகிறது. மரத்த கால் யாரையும் மிதிக்க வேண்டும் என்று நினைப்பதில்லை. எதன் மேல் நிற்கிறோம் என்பது அதற்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பெருமையுள்ள மனிதரும் பெரும்பாலும் கெட்டவர் இல்லை. ஜெபிப்பார், காணிக்கை போடுவார், பாட்டும் நன்றாகப் பாடுவார். தனக்குக் கீழே இருப்பவருக்கு வலிக்கிறது என்பது மட்டும் அவருக்கு எட்டாது. தாழ்மை என்பது அந்த உணர்ச்சி திரும்பி வருவது.

2015 ஜனவரி 31, விடியலுக்கு முன். ராணிப்பேட்டை சிட்கோ பகுதியில் தோல் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்சாலைக்குள் படுத்திருந்த தொழிலாளர்கள் 10 பேர் கழிவுச் சேற்றில் மூச்சுத் திணறித் தூக்கத்திலேயே இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாம் போடும் ஷூவுக்கும், இந்தப் பகுதியில் புழங்கும் பணத்துக்கும் அடியில் படுத்திருந்தவர்கள் அவர்கள். அந்த ஞாயிறு எத்தனை ஆலயங்களில் அவர்களுக்காக எழுந்து நின்று ஜெபித்தோம் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். நான் யாரையும் குறை சொல்ல இதைக் கேட்கவில்லை. எங்கே நமக்கு மரத்துப்போயிருக்கிறது என்று தொட்டுப் பார்க்கத்தான் கேட்கிறேன். தொழுநோயைக் கண்டுபிடிக்கவும் டாக்டர் முதலில் அதைத்தான் செய்வார், தொட்டுப் பார்ப்பார்.

தாழ்மைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கொடுக்கிறவர்கள் அதிகமாக மறப்பது இது. ஆண்டவர் கால் கழுவ வந்தபோது பேதுரு மறுத்தார். பார்க்கப் பணிவு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் ஆண்டவர் அதை ஏற்கவில்லை. பிறர் கையிலிருந்து வாங்கிக்கொள்ளச் சம்மதிப்பதும் தாழ்மையில் சேர்த்திதான், அதுவும் கஷ்டமான பகுதி.

சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1954-இல் ஒரு வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றுப் போனார். அப்போது அவர் இளம் டாக்டர். புரண்டு படுக்கவும் பிறர் கை வேண்டியிருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்யப் பழகினார். பிறகு நியூயார்க்கில் டாக்டர் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, சி.எம்.சி.யில் அந்தத் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் உருவானது. 1972-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒவ்வொரு நாளும் தூக்கி உட்கார வைக்கப் பிறரை நம்பியிருந்த ஒருவர், எத்தனையோ பேரை எழுந்து உட்கார வைத்தார். உதவி வாங்கத் தெரிந்தவர் உதவி கொடுக்கும்போது அதில் மேல் கை கீழ் கை இருக்காது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மருமகள் கையால் வாங்கிச் சாப்பிடுவதும், பேரனிடம் போனை எப்படி இயக்குவது என்று கேட்பதும், "எனக்குத் தெரியாது, சொல்லிக்கொடு" என்பதும் நமக்குக் கசக்கிறது. 40 வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களுக்கு இன்னும் கசக்கும். கசந்தாலும் குடியுங்கள், உடம்புக்கு நல்லது.

பால் பிராண்டின் அம்மா ஈவ்லின், லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். கணவர் ஜெஸ்ஸி 1929-இல் கொல்லிமலையில் காய்ச்சலில் இறந்தார். மிஷன் பணியிலிருந்து ஓய்வு கொடுத்த பிறகும் அந்த அம்மா ஊருக்குத் திரும்பவில்லை. மறுபடியும் மலையேறினார். ஊர் ஊராகக் குதிரையில் போய் மருந்து கொடுத்தார். 1974-இல் 95 வயதில் இறக்கும் வரை அதே மலைமக்களோடுதான் இருந்தார். கடைசி 20 வருஷம் அவர் தன் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். நம்மைப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தால் கொடுப்பவர் 5 பேர், வாங்குபவர் ஒருவர், போட்டோ எடுப்பவர் 2 பேர். வாங்குகிற அம்மாவின் முகம் எல்லோர் போனிலும் சுற்றுகிறது. அவர் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் நண்பர்கள் இருப்பார்களே என்று யாராவது நினைத்தோமா? அரிசியைக் கொடுங்கள். போனைப் பையில் வையுங்கள்.

ஆலயத்திலும் அப்படித்தான். மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயம் செய்தவர் பெயர், இனிஷியலோடு. பெஞ்சில் பெயர், கதவில் பெயர், கல்வெட்டில் போதகர் முதல் பொருளாளர் வரை பெயர். அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் பெயரும் சித்தாள் பெயரும் எங்கேயும் இல்லை. கமிட்டித் தேர்தல் வந்தால் போஸ்டரும் பேனரும் வைக்கும் அளவுக்கு வந்துவிட்டோம். ஊழியம் செய்ய இவ்வளவு போட்டியா என்று மற்ற மதத்துப் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள்!

எல்லாவற்றையும்விட முக்கியமானதைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். உறவினர்களில் சிலருக்குப் பிடிக்காது. பிடிக்காவிட்டாலும் படியுங்கள். மணமகள் தேவை, மணமகன் தேவை என்று நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் கொடுக்கும் விளம்பரங்களைப் பாருங்கள். "தேவபக்தியுள்ள, தாழ்மையுள்ள பெண்" என்று முதல் வரி. அடுத்த வரியில் சாதி. ஒரே அப்பத்தில் பிட்டுச் சாப்பிடுகிறோம். ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். கல்யாணம் என்று வந்தால் அப்பமும் பாத்திரமும் மறந்துபோகிறது. செத்த பிறகு புதைக்கும் இடத்தில்கூடப் பிரிவு வைத்திருக்கும் ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன. இந்த ஒரு விஷயத்தில் இறங்கி வராதவர் மற்ற எதில் எவ்வளவு குனிந்தாலும் அது உடற்பயிற்சிதான். பெரியவர்கள் பிள்ளைகளுக்குத் தாழ்மையைப் போதிப்பதை இங்கிருந்து தொடங்கலாம். நம் பேரப்பிள்ளைகளில் ஒருவர், தோல் பதனிடும் சீமோனின் வீட்டிலிருந்து பெண் எடுக்க விரும்பினால், நாம் பேதுருவைப் போல அந்த வீட்டில் போய்த் தங்குவோமா?

டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் முடிக்க முடியாது. சின்னச் சின்னதாகத்தான் கொடுக்கிறேன்.

வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்குத் தனித் தம்ளர் வைத்திருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். நீங்கள் குடிக்கும் தம்ளரில் காபி கொடுங்கள், நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கட்டும்.

கம்பெனியில் சூப்பர்வைசராகவும் மேனேஜராகவும் இருக்கும் என் பிள்ளைகளே, உங்களில் நிறையப் பேர் அந்தப் பொறுப்பில் இருக்கிறீர்கள் என்பது எனக்குப் பெருமை. அன்றைய உற்பத்தி எண்ணிக்கை குறைந்தால் உங்களுக்கு மேலிருந்து எவ்வளவு அழுத்தம் வரும் என்பதும் எனக்குத் தெரியும். அந்த அழுத்தம் உங்களோடு நிற்கட்டும், கீழே இறங்க வேண்டாம். வயதில் மூத்த பெண்ணை "அக்கா" என்று கூப்பிடுங்கள். திட்ட வேண்டியிருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். தப்பு உங்கள் பக்கம் என்றால் எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேளுங்கள்.

சபைப் பொறுப்பில் இருப்பவர்கள், அடுத்த பெரிய வியாழனுக்கு முன் வரிசையில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவரையும், ஆலயம் பெருக்கும் அம்மாவையும், நகராட்சித் தூய்மைப் பணியாளர் ஒருவரையும் உட்கார வையுங்கள். முடிந்தவுடன் அனுப்பிவிடாதீர்கள். கமிட்டிக் கூட்டத்துக்கும் கூப்பிடுங்கள். அவர்கள் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதுங்கள். கால் கழுவியது உண்மையா என்பது அந்தக் கூட்டத்தில்தான் தெரியும்.

யாராவது ஒருவர் உங்களிடம் வந்து, "எனக்கு அநியாயம் நடக்கிறது" என்று அழுதால், தயவுசெய்து தாழ்மையைப் பற்றிப் பேசாதீர்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள். முழுவதும் கேளுங்கள். "உன்னோடு நான் வரட்டுமா?" என்று கேளுங்கள். அந்த நேரத்தில் தாழ்மை தேவைப்படுவது கேட்கிறவருக்குத்தான். தன் வேலையை விட்டுவிட்டு, தன் மரியாதையைக் கொஞ்சம் பணயம் வைத்து, அவரோடு போய் ஒரு வாசலில் நிற்க வேண்டுமே!

கடைசியாக ஒன்று. நீங்கள் தினமும் பார்த்தும் பெயர் தெரியாத ஒருவர் இருப்பார். குப்பை வண்டி தள்ளுபவர், கம்பெனி வாசல் வாட்ச்மேன், பஸ் ஸ்டாண்டில் செருப்புத் தைப்பவர் என்று யாராவது. இந்த வாரம் அவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த முறை பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கேட்டதைக் கமென்டில் எழுத வேண்டாம், போட்டோவும் வேண்டாம். எனக்கு மார்க் போட வேண்டிய அவசியமில்லாத வீட்டுப்பாடம் இது ஒன்றுதான்.

எல்லோரும் நலமாயிருங்கள். ஆம்பூர் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். பிரியாணி நீங்கள்தான் வாங்கி வர வேண்டும். வாங்கிக்கொள்ளப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் டீச்சர்